அலமாரியைப் பெருக்கியவள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பதினெட்டு வருஷமாகக் காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து முட்டை அப்பமும் சோயாப்பாலும் விற்கிறவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும்? கடைக்கு வருகிற தாத்தாக்களைக்கூட "வாங்க அழகா, வழக்கம்போலத்தானே?" என்றுதான் கேட்பேன். என்னிடம் ஒரு ரகசியம் ஒரு நாள் தங்காது என்று சந்து முழுக்கப் பேச்சு. அப்படிப்பட்ட நான் ஒரு ரகசியத்தைப் பதினோரு நாள் வயிற்றில் வைத்துக்கொண்டு திண்டாடினேன் என்றால், அதற்குக் காரணம் மொட்டை மாடி யூசென்.

ஆற்றைத் தாண்டினால் தைபே. இக்கரையில் எங்கள் கட்டிடம். கீழே என் கடை, மாமனார் எழுதிவைத்துவிட்டுப் போனது. அதனால் யாருக்கும் பயப்பட மாட்டேன். நாலாவது மாடியில் ஜுவாங் அத்தையும் மகனும் மருமகள் ஷின்ரூவும். அதற்கும் மேலே, மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு அத்தை கட்டிவிட்ட இரண்டு அறைகளில் யூசெனும் அவள் ஏழு வயது மகள் நிங்நிங்கும் வாடகைக்கு இருந்தார்கள். வெயில் காலத்தில் அந்தக் கூரைக்கடியில் மனுஷர் வேகலாம். ஆனாலும் வாடகை ஒன்பதாயிரம்தான், பள்ளிக்கூடம் அடுத்த தெருவில்.

யூசெனின் புருஷன் போய் மூன்று வருஷம். செத்துப்போகவில்லை, போய்விட்டான். அவளுக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது, நாள் முழுக்க நின்று வேலை செய்ய முடியாது. அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகை, அதோடு ஈமச் சடங்குக்கு எரிக்கிற காகிதத் தாமரை மடித்துக் கொடுக்கிற கூலி, இவ்வளவுதான் வருமானம். என் கடை மூலையில் உட்கார்ந்துதான் மடிப்பாள். யார் என்ன கொடுத்தாலும் சும்மா வாங்க மாட்டாள். ஒரு கிண்ணம் சோயாப்பால் கொடுத்தால் பத்து மேஜை துடைத்துவிட்டுத்தான் போவாள். இந்த ரோஷம் எனக்கு எரிச்சலாக இருக்கும், அவளை எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான்.

அந்த வருஷம் அவளுக்கு வாடகை மானியம் கிடைத்தது. மாதம் ஐயாயிரம். சந்தோஷத்தில் ஓடிப்போய் வீட்டுக்காரியிடமே சொன்னாள், பைத்தியக்காரி. மறுவாரம் ஜுவாங் அத்தை மேலே ஏறிப்போய் வாடகையை உயர்த்தினாள். எவ்வளவு? சரியாக ஐயாயிரம்.

"மானியம் வாங்குறேன்னு நீ எழுதிக் கொடுத்தா எனக்கு வரிக்காரன் வருவான். அந்த நஷ்டத்த யார் கட்டுறது?" என்றாள். "பதினாலாயிரம் முடியுமா? முடியாட்டி ஏழாம் மாசம் பொறக்குறதுக்குள்ள காலி பண்ணிடு. கூரையப் பிரிச்சு மூணு அறையாப் போடப்போறேன்."

எங்கள் பஞ்சாங்கத்தில் ஏழாம் மாதம் பேய்கள் வெளியே வரும் மாதம், அதில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆக, யூசெனுக்கு இருந்தது ஆறு வாரம். தினமும் என் கடையிலிருந்தே போன் போடுவாள். குழந்தை இருக்கா, இருக்கு. புருஷன், இல்லை. மானியம் வாங்குவியா, ஆமாம். அதோடு லைன் போய்விடும். கடைசியில் தாவ்யுவானில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு மூலை என்று முடிவானது. அக்கா புருஷன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நிங்நிங்கின் பள்ளிக்கூடம் போச்சு. ஊர் மாறினால் மானியத்துக்கு முதலிலிருந்து மனுப் போட வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ஒரு காலை ஷின்ரூ கடைக்கு வந்தாள். தினமும் முள்ளங்கிப் பணியாரம் இரண்டு, வெங்காயம் தூக்கலாக. அன்று கல்லில் எண்ணெய் விட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். "வெறும் பிரெட் போதும்" என்று முணுமுணுத்துவிட்டு ஓடினாள். கல்லுக்குப் பின்னால் பதினெட்டு வருஷம் நிற்கிறவளுக்கு டாக்டர் சீட்டு வேண்டாம்.

யூசென் மூலையில் தாமரை மடித்துக்கொண்டிருந்தாள். தலையே நிமிரவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியும்!"

"மெதுவாப் பேசுங்கக்கா."

"எப்போலேருந்து?"

"போன வாரம் மாடிப்படில வாந்தி எடுத்துட்டிருந்தா. தலையப் பிடிச்சுக்கிட்டேன். எட்டு வாரமாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

எனக்குக் கரண்டி கையிலிருந்து விழாத குறை. எங்கள் ஊரில் வயிற்றுப் பிள்ளையோடு ஒரு கருச்சாமியும் அந்தக் கட்டிடத்திலேயே குடியேறும். ஒரு நாள் கட்டிலில் இருக்கும், ஒரு நாள் கதவில், ஒரு நாள் அலமாரியில். சாமானை நகர்த்தினாலோ ஆணி அடித்தாலோ அதற்குக் கோபம் வரும், கோபம் பிள்ளைமேல் விழும். ஜுவாங் அத்தை மாதிரி பக்தைக்கு மருமகள் முழுகாமல் இருப்பது தெரிந்தால், கூரையைப் பிரிப்பது இருக்கட்டும், யூசென் வீட்டு நாற்காலியைக்கூட நகர்த்த விட மாட்டாள்.

"அடியே, போய்ச் சொல்லு! ஒரு வார்த்த! பிள்ள பொறக்குற வரைக்கும் உன்ன யாரும் அசைக்க முடியாது."

"மூணு மாசம் முடியறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதுக்கா. போன தடவ என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏழாவது வாரத்திலேயே ஜுவாங் அத்தை சந்து முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். என் பங்குக்கு நானும் அடித்தேன். அப்புறம் அத்தையே ஆளைக் கூப்பிட்டு ஏசி மாட்டச் சுவரில் துளை போட வைத்தாள். பத்தாம் நாள் பிள்ளை தங்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். பழி ஷின்ரூமேல்தான் விழுந்தது, கனமான பையைத் தூக்கினாளாம்.

"அப்போ உன் வீடு?" என்றேன்.

"அது வீடுக்கா. இது பிள்ள." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் சொல்லக் கூடாது. நிங்நிங் மேல சத்தியம் பண்ணுங்க."

குழந்தைமேல் சத்தியம் வாங்கிவிட்டாள், படுபாவி. அந்தப் பதினோரு நாளும் ஜுவாங் அத்தை கடைக்கு வரும்போதெல்லாம் நான் வாயில் அப்பத்தை அடைத்துக்கொண்டேன். இரண்டு கிலோ ஏறியதுதான் மிச்சம்.

காலி பண்ணும் நாள் வந்தது. சின்ன லாரி வைத்திருக்கும் ஆதே சாமான் ஏற்ற வந்தான். நானும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு மேலே போனேன். மொட்டை மாடியில் நிங்நிங், தங்கமீன் இருக்கும் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யூசென் கையில் துடைப்பம். தரையைத்தான் பெருக்குகிறாள் என்று நினைத்தேன். இல்லை. கட்டிலைப் பெருக்கினாள், பிறகு தூக்கச் சொன்னாள். மேஜையைப் பெருக்கினாள், பிறகு தூக்கச் சொன்னாள். சுவரில் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்கவில்லை.

"இழுக்காதீங்க ஆதே அண்ணா, தூக்குங்க. கீழ சத்தம் கேக்கக் கூடாது."

"ஏன் தங்கச்சி, கீழ யாராவது தூங்குறாங்களா?"

அவனுக்கு என்ன தெரியும்? வயிற்றுப்பிள்ளை இருக்கிற வீட்டில் சாமானை நகர்த்தியே தீர வேண்டும் என்றால், முதலில் துடைப்பத்தால் பெருக்கிக் கருச்சாமியை நகர்ந்து உட்காரச் சொல்ல வேண்டும். அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். தன்னைத் துரத்துகிற வீட்டின் பிள்ளைக்காக, வளையாத முதுகை வளைத்துக்கொண்டு.

அலமாரி வந்தது. பெருக்கினாள். ஆதே அதை முதுகில் ஏற்றிக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கியபோது, சாவி வாங்க ஜுவாங் அத்தை ஏறி வந்தாள். யூசென் அலமாரி இருந்த இடத்தை இன்னொரு தடவை பெருக்குவதைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். பழைய காலத்து மனுஷி, ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். ஆனால் தப்பாகப் புரிந்துகொண்டாள்.

"என்னடி இது? எதுக்குச் சாமானப் பெருக்குற?" குரல் ஏறியது. "ஓஹோ! புருஷன் போயி மூணு வருஷம். இது யாருது?"

யூசென் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"அரசாங்கம் கொடுக்குற காசுல இந்தக் கூத்தும் நடக்குதா? என் கூரைக்குக் கீழயா? அதான் மானியத்துக்கு அப்படிப் பறந்தியா? சொல்லுடி, வயித்துல இருக்கா இல்லையா?"

இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே யாருக்காகப் பெருக்குகிறாய் என்பதுதான். அந்தக் கட்டிடத்தில் பிள்ளை பெறும் வயதில் இன்னொருத்திதான் உண்டு. யூசெனின் காது மடல் சிவந்தது. மகளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்தாள்.

"இருக்குன்னே வெச்சுக்கோங்க அத்த."

"அம்மா," நிங்நிங்கின் கண்கள் விரிந்தன. "நமக்குத் தம்பிப் பாப்பா வரப்போகுதா?"

உண்மை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமாவது மண்ணாவது என்று வாயைத் திறந்தேன். யூசென் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. அப்படி ஒரு பார்வையை நான் யாரிடமும் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன், நாக்கைக் கடித்ததில் அது புண்ணாகிவிட்டது.

"அவங்களுக்கு இல்லம்மா."

நாலாவது மாடிக் கதவு திறந்திருந்தது. ஷின்ரூ வீட்டுச் செருப்போடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, படியின் திருப்பத்தில் நின்றாள். அழுதிருந்தாள்.

"எனக்குத்தான். பத்தாவது வாரம். என் பிள்ளைக்காகத்தான் பெருக்குறாங்க. சொல்லாதீங்கன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

ஜுவாங் அத்தை கையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியே படியில் உட்கார்ந்தாள். மருமகளைப் பார்த்தாள், துடைப்பத்தைப் பார்த்தாள், யூசெனைப் பார்க்க மட்டும் அவளால் முடியவில்லை. அப்போதுதான் பாதிப் படியில், அலமாரிக்கு அடியில் நிற்கும் ஆதே கண்ணில் பட்டான்.

"அசையாதே!" என்று கத்தினாள்.

"அசையாம எவ்ளோ நேரம் அத்த நிக்கிறது? இடுப்பு போயிடும்!"

"மேல கொண்டு போ! இரு, இரு, பெருக்காம காலெடுத்து வைக்காதே!"

எழுந்தாள். யூசென் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கினாள். எழுபது வயது மனுஷி, ஆதேக்கு முன்னால் குனிந்து ஒவ்வொரு படியாகப் பெருக்கிக்கொண்டே மொட்டை மாடிக்கு ஏறினாள். அவள் பின்னால் அலமாரி ஏறியது. லாரியில் ஏற்றின கட்டிலும் மேஜையும் அப்படியே திரும்பின. ஆதே இரண்டு மடங்கு கூலி கேட்டான். அத்தை வாயைத் திறக்காமல் கொடுத்தாள். கொடுக்கிற சாமி கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். இந்தச் சாமி கூரையைப் பிய்க்க விடாமல் கொடுத்தது.

மன்னிப்புக் கேட்டாளா என்றால், கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு சட்டி எலும்புச் சூப்பை மொட்டை மாடிப் படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் இறங்கி வந்தாள். என்னிடம் மட்டும், "ஒன்பதாயிரமே கொடுக்கட்டும். கூரை வேல கிடையாது. நீ வாய மூடிக்கிட்டு இரு," என்றாள்.

ஆனால் யூசென் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. எனக்குத் தெரியும், நான் போய்ப் பார்த்தேன். அடுப்பும் துணியும் மட்டும் வெளியே. மற்றதெல்லாம் டேப் ஒட்டியபடி சுவரோரம் அடுக்கியிருந்தது. "பிள்ள பொறக்குற வரைக்கும்தானேக்கா," என்றாள். நிங்நிங் தன் கதைப் புத்தகத்தைத் தேடி பெட்டியில் ஒரு ஓட்டை போட்டு, கையை விட்டு எடுத்துப் படிப்பாள், திரும்ப உள்ளேயே போடுவாள்.

மார்ச்சில் ஷின்ரூவுக்குப் பெண் பிறந்தது. மாதம் நிறைந்த அன்று ஜுவாங் அத்தை வீடு வீடாகக் கேக் பெட்டி கொடுத்துவிட்டுக் கடைசியாக என் கடைக்கு வந்தாள். ஷின்ரூ குழந்தையோடு கூட வந்தாள். யூசென் மூலையில் தாமரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். யாரும் கேட்காமல் தானே தலையைக் கொடுக்கிறவள் அல்லவா.

"அத்த, பாப்பாவுக்கு மாசம் நெறஞ்சிடுச்சு. நான் ஆதே அண்ணாகிட்ட வண்டி சொல்லட்டுமா?"

கல்லில் அப்பம் கருகும் வாசனை வந்தது, நான் திருப்பவில்லை.

"சாமான நகத்தக் கூடாது," என்றாள் ஜுவாங் அத்தை.

"அதான் பொறந்தாச்சே அத்த."

"ஏன், அடுத்தது வராதா?"

"அம்மா! எனக்குத் தையலே இன்னும் ஆறல!" என்றாள் ஷின்ரூ.

"உன்ன யாரு கேட்டா? சும்மா இரு."

கேக் பையின் அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். புது வாடகை ஒப்பந்தம். இரண்டு வருஷம், மாதம் ஒன்பதாயிரம், மானியத்துக்கு வீட்டுக்காரி சம்மதம் என்ற இடத்தில் அத்தையின் சிவப்பு முத்திரை. தன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நீயும் ஒரு பொண்ணு வெச்சிருக்கிறவ," என்று சுவரிடம் சொன்னாள்.

யூசென் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். நான் ஓவென்று அழுதேன். "உனக்கு என்னடி, உன் சொந்தக் கடைதானே!" என்று ஜுவாங் அத்தை என்னைத் திட்டினாள்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியிலிருந்து டேப் கிழிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. மறுநாள் காலை நான் கடை திறந்தபோது, பழைய காகிதம் எடுக்கிறவனுக்காக வாசலில் பதினாலு காலி அட்டைப்பெட்டிகள் மடித்து அடுக்கியிருந்தன. மேலே கிடந்ததில் நிங்நிங்கின் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது.