டி.சி. வேண்டாம்

பூமாலை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திப் பதினோரு நாள் ஆன பிறகுதான் ஜெயசுதாவுக்குத் தகவல் வந்தது.

ஜெயசுதா சங்கராபுரத்துக்காரி. சமூகப் பணி படித்துவிட்டு, குழந்தைகளுக்கான தொண்டு நிறுவனம் ஒன்றில் ஆறு வருடமாகக் களப்பணியாளராக இருந்தாள். கல்வராயன் மலையின் அடிவாரத்தில் நான்கு அரசுப் பள்ளிகள் அவள் பொறுப்பு. படிப்பை விட்டு நின்றுவிடும் பிள்ளைகளைத் தேடிப் போய்த் திரும்பச் சேர்ப்பதிலேயே அவள் நாட்கள் கழிந்தன. பெரும்பாலும் காரணம் கல்யாணமாக இருக்கும். இல்லையென்றால் அப்பா அம்மா கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருப்பார்கள். பூமாலை விஷயத்தில் இரண்டும் இல்லை.

அவள் எட்டாம் வகுப்பு. மலைப்பாதையில் நான்கைந்து வளைவு ஏறினால் வரும் சிற்றூரிலிருந்து கச்சிராயபாளையம் பக்கத்தில் உள்ள பள்ளிக்கு பஸ்ஸில் வந்துபோனாள். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், ஊருக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்கும்போதே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். நடந்தே மலை ஏறி வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை பஸ் வந்து நின்றபோது ஏறவில்லை. அதற்குப் பிறகும் ஏறவில்லை.

தலைமையாசிரியர் செழியன் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"அதே கிளாஸ் மணிமொழி பண்ற வேலைங்க இது. பஸ்ஸுல மலைப் பசங்கள உக்கார விடறதில்ல. சாராயக்காரின்னு பட்டப்பேரு வெச்சுக் கூப்பிடறா. நான் ரெண்டு தடவ கண்டிச்சுட்டேன். எட்டாவதுங்கிறதால நாமளா அனுப்ப முடியாது. அவங்க அம்மாவையே எழுதிக் குடுத்து டி.சி. வாங்கிக்கச் சொல்லிடலாம்னு மேலாண்மைக் குழுவுல பேச்சு. வர்ற வெள்ளிக்கிழமை கூட்டம்."

"அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாமா சார்?"

"அதுக்குள்ள நீங்க இன்னா பண்ணப் போறீங்க?"

"பஸ்ஸுல போய்ப் பாக்கறேன்."

செழியன் சிரித்துவிட்டார். ஆனால் தேதியைத் தள்ளி வைத்தார்.

ஜெயசுதா ஐந்து நாள் அந்த பஸ்ஸில் போனாள். பள்ளி விட்டதும் வெள்ளிமலை போகும் பஸ் வந்து நிற்கும். மலைக்குக் கீழே அணைப் பக்கத்துக் கரும்பு ஊர்களின் பிள்ளைகள் முதலில் முண்டியடித்து ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். காலியாக இருக்கும் இடங்களில் பையை வைத்துவிடுவார்கள். மலைப் பிள்ளைகள் எட்டுப் பேரும் பின்படிக்கட்டை ஒட்டி நின்றுகொண்டு வருவார்கள். கீழ் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் இறங்கி பஸ் காலியான பிறகும், பழக்கத்தில் நின்றபடியே வந்தவர்கள் உண்டு.

மணிமொழி ஒல்லியான பெண். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பாள். மலைப் பிள்ளைகளில் யாராவது பக்கத்தில் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். "உவ்வே, சாராய ஊறல் நாத்தம்" என்பாள். தமிழழகன் என்ற பையன் உடனே குடித்தவன் மாதிரித் தள்ளாடிக் காட்டுவான். பத்துப் பன்னிரண்டு பேர் சிரிப்பார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறவர்களும் நான்கைந்து பேர் இருந்தார்கள். கண்டக்டர் குமார் டிக்கெட் பையோடு முன்பக்கமே நின்றுகொள்வார். மூன்றாம் நாள் ஜெயசுதா ஒன்றைக் கவனித்தாள். எல்லாரும் சிரிக்கும்போது மணிமொழி மட்டும் சிரிப்பதில்லை.

சனிக்கிழமை பூமாலையின் வீட்டுக்குப் போனாள். பூமாலையின் அப்பா தர்மன் மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா தைலம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவதான் போவலன்னுட்டா," என்றார் தர்மன். "காரணம் கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறா. அடிச்சா அனுப்ப முடியும்?"

அப்பா அம்மா முன்னால் பூமாலை எதுவும் பேசவில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பியவளோடு ஜெயசுதாவும் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பூமாலையே ஆரம்பித்தாள்.

"சாராயக்காரின்னு சொன்னதுக்கெல்லாம் நான் நிக்கலக்கா. அது ஆறாவதுலருந்தே சொல்றாங்க. அன்னிக்கு மணிமொழி, உங்கப்பன் காச்சி எத்தினி பேரு செத்தாங்கன்னு கேட்டா. எல்லாரும் என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. இல்லன்னு சொல்லலாம்னு பாத்தேன். சொல்ல வரல."

"ஏன்?"

"அப்பா காச்சினாரு. எனக்கு ஞாபகம் இருக்குது. ஓடைப் பக்கம் பானை புதைச்சு வெச்சிருப்பாரு. போலீஸ் வந்தா நாங்க காட்டுக்குள்ள ஓடிப்போய் உக்காந்துக்கினு இருப்போம். இப்ப இல்ல. ஆனா அப்ப காச்சினாரு."

இதை அப்பாவிடம் சொல்லட்டுமா என்று ஜெயசுதா கேட்டாள். பூமாலை ஒரு ஆட்டுக்குட்டியை மேட்டுக்குத் தள்ளிவிட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்க சொல்லுங்க. என்னால முடியாது."

ஜெயசுதா திரும்பி வந்து தர்மனிடம் சொன்னாள். அவர் களைக்கொட்டில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் வழித்துக்கொண்டே கேட்டார். தைலம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"விட்டு எட்டு வருஷம் ஆவுது," என்றார் தர்மன் கடைசியில். "அவளுக்கு அஞ்சு வயசு அப்ப. ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." பிறகு, "கூட்டம் என்னிக்குன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

மணிமொழியின் அம்மா பெரியநாயகியைப் பார்ப்பது சுலபமாக இல்லை. கரும்பு வெட்டுக்குப் போகிறவள். இரண்டு தடவை வீடு பூட்டியிருந்தது. மூன்றாவது தடவை, வெட்டு நடக்கும் வயலுக்கே ஜெயசுதா போனாள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கரும்புத் தோகை ஏற்படுத்திய கீறல்களோடு பெரியநாயகி வரப்பில் வந்து உட்கார்ந்தாள்.

"என் பொண்ணு பண்றது தப்புதான். நான் இல்லேங்கல. ஆனா அவளுக்கு நடந்தத யாருனா வந்து கேட்டாங்களா?"

அவள் புருஷன் கள்ளச்சாராயம் குடித்துச் செத்துப்போய் இரண்டு வருடமாகியிருந்தது. முதல் நாள் கண் தெரியவில்லை என்றிருக்கிறான். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

"அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல இவள குடிகாரன் பொண்ணுன்னுதான் கூப்பிட்டாங்க. செத்ததுக்குப் பணம் வந்துச்சாமே, புது செருப்பு வாங்கினியான்னு கேட்டாங்களாம். தெனம் அழுதுக்கினு வருவா. ஒரு நாளு அழுவறத நிறுத்திட்டா. சரி, பழகிக்கிட்டான்னு விட்டுட்டேன். இவ அத மலைக்காரப் பொண்ணுங்க மேல திருப்பி விட்டது எனக்கு ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு சொன்னப்பதான் தெரியும்."

"கூட்டத்துக்கு வாங்கக்கா."

"டி.சி. குடுக்கத்தான கூப்பிடறாங்க? வர்றேன். ஓடிப்போவ மாட்டேன்."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒன்பதாம் வகுப்பு அறையில் கூட்டம் கூடியது. மேலாண்மைக் குழுவின் பெற்றோர்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பெரியநாயகி வயலிலிருந்து நேராக வந்து கதவோரம் நின்றாள். மணிமொழியையும் பூமாலையையும் கூப்பிடக் கூடாது என்று ஜெயசுதா முன்பே கேட்டுக்கொண்டிருந்ததால் பிள்ளைகள் யாரும் இல்லை.

ஒருவர் எழுந்து, ஒரு பிள்ளையால் எட்டுப் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது, டி.சி. கொடுப்பதுதான் சரி என்றார். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். ஜெயசுதா பஸ்ஸில் பார்த்ததைச் சொன்னாள். மணிமொழி ஒருத்தி போனால் மற்ற பன்னிரண்டு பேர் சிரிப்பது நிற்காது என்றாள். அது யாரையும் பெரிதாக அசைக்கவில்லை. அவர்களில் சிலருடைய பிள்ளைகளும் அந்தப் பன்னிரண்டில் இருந்தார்கள்.

பிறகு தர்மன் எழுந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். மலையிலிருந்து யாரும் அந்தக் குழுக் கூட்டத்துக்கு அதுவரை வந்ததில்லை.

"நான் பூமாலையோட அப்பாங்க. அந்தப் பொண்ண அனுப்ப வேணாங்க. அனுப்பினா, மலைக்காரன் வந்து அனுப்பினான்னு ஆயிடும். நீங்கள்லாம் வூட்டுக்குப் போயிடுவீங்க. நாளைக்கு அதே பஸ்ஸுல ஏறப்போறது எம் பொண்ணு." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னொண்ணு. அந்தப் பொண்ணு சொன்னது பொய்யில்ல. நான் காச்சினவன்தான். விட்டு எட்டு வருஷம் ஆவுது. எங்க ஊருல இன்னும் நாலு பேரு காச்சினாங்க, எல்லாரும் விட்டாச்சு. ஆனா காச்சினேன். அதுக்கு எம் பொண்ணு நின்னுக்கினு வர வேணாம்."

செழியன் மேசைமேல் இருந்த பேனாவை மூடினார்.

கதவோரத்திலிருந்து பெரியநாயகியின் குரல் வந்தது. "எங்க வூட்டுக்காரரு குடிச்சது நீங்க காச்சினதா?"

"இல்லம்மா. அது காச்சினதே இல்ல. எங்கியோ இருந்து வந்த கெமிக்கலுன்னாங்க. ஆனா நான் காச்சினத குடிச்சவங்களும் இருக்காங்க. அவங்க இன்னா ஆனாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கல."

பெரியநாயகி அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே போய்விட்டாள். கூட்டம் கெட்டுவிட்டது என்றுதான் ஜெயசுதா நினைத்தாள். ஆனால் பெரியநாயகி குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். காலியாக இருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"டி.சி. வேணாம் சார். எம் பொண்ண நான் பாத்துக்கறேன். ஆனா அவள குடிகாரன் பொண்ணுன்னு கூப்பிடற பசங்களயும் இங்க இருக்கிறவங்க பாத்துக்கணும். அவங்க பேரும் எனக்குத் தெரியும்."

பெயர்களை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லாதபடி இரண்டு மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். டி.சி. பேச்சு அதோடு நின்றது. வாரத்தில் மூன்று சாயங்காலம், பெற்றோரில் இரண்டு பேர் முறை வைத்து பஸ்ஸில் கூடப் போவது என்று முடிவானது. புதன்கிழமைக்குப் பெரியநாயகி பெயர் கொடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஜெயசுதா பஸ்ஸில் போகும் ஆறு பிள்ளைகளை நூலக அறையில் உட்கார வைத்தாள். மணிமொழி, தமிழழகன், சிரிக்கிற இரண்டு பேர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற இரண்டு பேர்.

"யாரு மேலயும் புகார் இல்ல," என்றாள். "பூமாலைக்கு பஸ்ஸுல ஏற பயமா இருக்குது. அவ திரும்பி வரணும்னா நீங்க ஒவ்வொருத்தரும் இன்னா பண்ண முடியும்? பெருசா எதுவும் வேணாம். முடியறத மட்டும் சொல்லுங்க."

முதலில் தமிழழகன், "நான் சிரிக்காம இருக்கலாம்க்கா," என்றான். மற்றவர்கள் அதற்கே சிரித்துவிட்டார்கள். ஜெயசுதா சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் ஒரு பெண், பையை மடியில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஜன்னல் பக்கம் திரும்பும் பையன், "என் பக்கத்துல உக்காரலாம். ஆனா நான் பேச மாட்டேன், எனக்குப் பேச வராது," என்றான்.

மணிமொழி கடைசியாகத்தான் வாயைத் திறந்தாள். "நான் முன்னாடி டிரைவர் கிட்ட போய் உக்காந்துக்கறேன்."

"எதுக்கு?"

"பின்னாடி உக்காந்தா வாய் சும்மா இருக்காது."

ஜெயசுதா அதையும் எழுதிக்கொண்டாள். அன்று சாயங்காலமே மலைக்குப் போய், ஆறு பேர் சொன்னதையும் பூமாலைக்குப் படித்துக் காட்டினாள்.

"மணிமொழி சாரி சொன்னாளா?"

"இல்ல."

"சொல்லச் சொன்னீங்களா?"

"சொல்லச் சொல்லல."

பூமாலை யோசித்தாள். "சும்மா சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்," என்றாள். புதன்கிழமை காலை பஸ்ஸில் ஏறினாள்.

எல்லாம் ஒரேயடியாக மாறிவிடவில்லை. தமிழழகன் மூன்றாவது நாளே ஒரு தடவை சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். மலைப் பிள்ளைகளில் இரண்டு பேர் இடம் கிடைத்தும் இரண்டு வாரம் உட்கார மறுத்தார்கள். பெற்றோரின் முறை ஆறு வாரம் ஒழுங்காக நடந்தது. கரும்பு வெட்டு மும்முரமானதும் ஆட்கள் வருவது குறைந்து, பிறகு நின்றேபோனது. பெரியநாயகி வந்த புதன்கிழமைகளில் தாயும் மகளும் முன் சீட்டில் உட்கார்ந்து, ஒருவரோடொருவர் அதிகம் பேசாமல் போவார்கள். ஒரு புதன்கிழமை அவள் தன் ஊரில் இறங்காமல் மலைவரை போய், பூமாலையின் ஊரில் இறங்கினாள். அங்கே தைலம்மாளோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, மறு பஸ்ஸில் திரும்பினாள். என்ன பேசினார்கள் என்று ஜெயசுதா இருவரிடமும் கேட்டுப் பார்த்தாள். இருவருமே சொல்லவில்லை.

முறை நின்றபோது கண்டக்டர் குமார் யாரும் சொல்லாமலே ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். பள்ளி நிறுத்தத்தில் பஸ் கிளம்புமுன் பின்னால் வரைக்கும் ஒரு நடை நடப்பார். "பைக்கு டிக்கெட் எடுத்தியா? இல்லல்ல? எடு, எடு, மடியில வை," என்பார். முன்பே இதைச் செய்திருக்கலாமே என்று ஜெயசுதா கேட்டபோது, "பசங்க வெளாட்டுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மேடம்," என்றார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று ஜெயசுதா பள்ளி நிறுத்தத்தில் பூமாலையைப் பார்த்தாள். கணக்குப் பரீட்சையில் ஒரு கேள்வி பாடத்துக்கு வெளியிலிருந்து வந்துவிட்டது என்று இன்னொரு பெண்ணோடு வாதாடிக்கொண்டிருந்தாள். ஜெயசுதாவைக் கண்டதும் வந்தாள்.

"எப்படிப் போவுது?"

"பரவால்லக்கா."

"மணிமொழி?"

பூமாலை திரும்பிப் பார்த்தாள். மணிமொழி நிறுத்தத்தின் மறுகோடியில், பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எங்கூட பேசறதில்ல. நானும் பேசறதில்ல. ஆனா சும்மா இருக்கா." பூமாலை தோளில் பையைச் சரிசெய்துகொண்டாள். "அது போதும்க்கா."

பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் முண்டியடித்தார்கள். பூமாலையும் முண்டியடித்து, முன்னால் நின்ற ஒரு பையனை முழங்கையால் ஒதுக்கிவிட்டு ஏறினாள்.