வேர்க்காத உடம்பு

பெயின்டருக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். சாரத்திலிருந்து விழுந்து, கழுத்தோடு தண்டுவடமும் போய்ப் படுத்த படுக்கையான பிறகு மிச்சமிருந்த சொத்தே அதுதான்.

மனைவி காலையில் ஏசியைப் போட்டுவிட்டு மருந்துக் கடை வேலைக்குப் போவாள். பகலில் அண்ணன் வந்து பார்த்துக்கொள்வார். பாசக்காரர் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் ஏசி காற்று பட்டால் அவருக்குத் தும்மல். அன்று மத்தியானம் அணைத்துவிட்டார்.

"போடுங்கண்ணே, எனக்குத் தாங்காது."

"உனக்குத்தான் ஒரு சொட்டு வேர்வைகூட இல்லையே! வேர்க்கறவனுக்குத்தான்டா புழுக்கம்."

"கழுத்துக்குக் கீழ எனக்கு வேர்க்கவே வேர்க்காது. சூடு உள்ளேயே தங்கிடும். டாக்டர் உங்க முன்னாடிதான சொன்னாரு?"

"டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க. பத்தே நிமிஷம், முடி வெட்டிட்டு வந்துடறேன்."

ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடந்தது.

பத்து நிமிஷமாம்! முக்கால் மணி நேரம் ஆயிற்று. மொட்டைமாடிச் சூடு தலையில் இறங்கியது. ஃபேன் அனலை வாரிக் கொட்டியது. முகம் எரிந்தது, தலை விண்விண்ணென்று தெறித்தது. "அண்ணே!" என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. மேசையில் தண்ணீர் பாட்டில். விரல்தான் மடங்காதே, மணிக்கட்டால் இழுத்தான். அது உருண்டு விழுந்து தரையைக் குளிப்பாட்டியது. தரைக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று பல்லைக் கடித்தான். இப்படியே செத்துத் தொலைவோமோ என்று பயம் வந்தது. பயம் வந்ததும் கோபம் இரட்டிப்பானது.

அண்ணன் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அப்பப்பா, என்ன வெயில்டா! மனுஷன் இருப்பானா இதுல?"

ஏசியைப் போட்டு, அதற்கு நேர் கீழே நின்று சட்டையை உதறி விசிறிக்கொண்டார். தும்மலாவது ஒன்றாவது! அப்புறம்தான் தம்பியின் முகம் கண்ணில் பட்டது. நெற்றியைத் தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, அடுப்பாட்டம் கொதிக்குதே!"

"ஈரத்துணி... கழுத்துல, அக்குள்ல..." நாக்கு குழறியது.

அண்ணன் அழுதுகொண்டே துடைத்துத் துடைத்து, அரை மணி கழித்துத்தான் சூடு இறங்கியது. பேச்சு திரும்பியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை:

"நாளைலேருந்து வராதீங்கண்ணே."

"டேய், அப்புறம் உன்னை யாருடா பாத்துப்பா?"

"ஒருத்தரும் பாத்துக்க வராம இருந்திருந்தா, அவ போட்டுட்டுப் போன ஏசி அது பாட்டுக்கு ஓடிட்டிருந்திருக்கும்."