தரிசு என்று எழுத வேண்டிய இடம்

கல்லூரித் தோட்டத்துக் குழாயடியில் நின்று கமலவேணி காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தேங்காய்த்திட்டுக் கழிமுகத்துச் சேறு அவ்வளவு சுலபத்தில் போகாது. நகக்கண்ணில் கறுப்பாக அப்பிக்கொண்டு நாள் முழுக்க அழுகல் முட்டை வாடை அடிக்கும். அந்தக் காலோடு பேராசிரியர் தேவதாஸின் அறைக்குள் போனால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். டில்லியிலிருந்து பதில் வந்துவிட்டதாம்.

முதலியார்பேட்டையில் பஞ்சாலைத் தொழிலாளி கோவிந்தராசுவின் மகள் அவள். தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, ஆராய்ச்சி உதவித்தொகைக்கு மூன்று வருடமாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு கடலில் சேருமிடத்தில், அரசாங்கப் புறம்போக்கில், யாரும் நடாமல் தானாக வளர்ந்து நிற்கிற கண்டல் காட்டைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை இலை வழியே துப்புகிற மரங்கள். அவற்றின் வேருக்கடியில்தான் இறால் குஞ்சு பொரிக்கிறதா, வேறெங்கிருந்தோ வந்து வளர்கிறதா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் வருடம், பொருளாதார முக்கியத்துவம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருடம், காப்புக்காடும் இல்லை, பட்டா நிலமும் இல்லை, இந்த இடம் எந்தத் திட்டத்திலும் வராது என்றார்கள். எல்லோருக்கும் சொந்தமான இடம் என்பதாலேயே அது யாருடைய கணக்கிலும் வராமல் போனதை நினைத்து அன்று அவள் சிரித்தாள். இப்போது சிரிப்பு வருவதில்லை.

"வாங்க மத்மசேல்," என்றார் தேவதாஸ். சந்தோஷமாக இருந்தால்தான் அவர் வாயில் பிரெஞ்சு வரும். "பணம் வந்தாச்சுன்னே வெச்சுக்க. ஒரே ஒரு வார்த்த மட்டும் மாத்தணும். கண்டல் காடுன்னு எழுதியிருக்கியே, அத எடுத்துட்டு உவர் தரிசுன்னு போடணும்."

"எதுக்கு சார்?"

"இந்த வருஷம் தரிசு நிலத்துக்குத்தாம்மா பணம். அங்க சவுக்கு நடுவாங்க. அது எப்படி வளருதுன்னு நீ அளந்து எழுதுவ. டாக்டர் பட்டத்துக்கு அது போதும்."

"அங்கதான் ஏற்கெனவே மரம் இருக்கே சார்."

"இருக்கறத வெட்டிட்டுத்தான் நடுவாங்க."

வெள்ளையடிக்கும் முன்னால் ஒட்டடை அடிப்பதைப் போல அதைச் சொன்னார். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "நானும் உன் வயசுல சண்ட போட்டுப் பாத்தவன்தான். நாம எழுதலன்னா வேற ஒருத்தன் எழுதுவான். நீ உள்ள இருந்தா நாலு மரத்தையாவது நிறுத்தலாம். யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு போய்ச் சேரும் வரைக்கும் அந்த நாலு மரம்தான் கண்ணில் நின்றது. அதில்தான் அவளுக்கு ஆத்திரமே. அவர் அயோக்கியராக இருந்தால் எழுந்து வந்திருக்கலாம். நல்ல மனிதர் நியாயம் மாதிரி ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வீட்டில் அம்மா ஜெயம் சோறு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். மில் கதவடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "ஒரு வார்த்தைதானடி, எழுதிக் குடுத்துட்டா இன்னா?" என்றாள். கோவிந்தராசு தட்டின் முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மில் பூட்டிய பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை.

"எங்களயும் ஒரு வார்த்த எழுதித்தான் வெளிய தள்ளுனாங்க," என்றார். "உபரியாம்." எழுந்து போய்க் கை கழுவினார்.

கமலவேணி எழுதியும் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அதற்குள் டில்லி அதிகாரி இடத்தைப் பார்க்க வந்துவிட்டார். வழி காட்ட மட்டும் வந்தால் போதும் என்று தேவதாஸ் சொன்னார், போனாள்.

ஜீப் கரைமேல் நின்றது. அதிகாரி பளபளவென்ற ஷூ போட்டிருந்தார். கீழே இறங்கவில்லை. கரையில் நின்றபடியே கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். தண்ணீர் வற்றுகிற நேரம். மரங்களைச் சுற்றி வேர்முனைகள் ஆயிரக்கணக்கில் பென்சில் மாதிரி சேற்றைத் துளைத்துக்கொண்டு நின்றன. ஓடையில் மூன்று பெண்கள் மார்பு நனையத் தண்ணீரில் தவழ்ந்தபடி கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியை ஒவ்வொருத்தியும் பல்லில் கடித்திருந்தாள்.

"இந்த நிலத்தை யாராவது பயன்படுத்துகிறார்களா?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"யாருமில்லை," என்றார் தேவதாஸ்.

ஓடையில் இருந்தவர்களில் ஒருத்தி எழுந்து நின்றாள். அஞ்சலாட்சி. கமலவேணி சேற்றில் இடுப்பு வரை புதைந்த ஒருநாள் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டவள் அவள்தான். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னா பாப்பா, யாரு இவங்க? அளக்க வந்துருக்காங்களா?" என்றாள். "அளந்தா அளக்கட்டும். மரத்துல கைய வெக்க வேணாம்னு சொல்லு. நாலு ஊட்டு அடுப்பு இதுலதான் எரியுது. மரம் போச்சுன்னா இறாலும் போயிடும். அப்புறம் எங்க போயித் தடவறது, இவரு சட்டப்பையிலயா?"

மற்ற இருவரும் பறியைக் கடித்தபடியே சிரித்தார்கள்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் அதிகாரி.

"கூலி வேலை கிடைக்குமா என்று கேட்கிறாள்," என்றார் தேவதாஸ்.

கமலவேணிக்குக் காது மடல் சுட்டது. எப்போது வாயைத் திறந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. நின்று நிதானமாக, சட்டைப்பை வரைக்கும் ஒன்று விடாமல், ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லி முடித்து, "இது தரிசு இல்லை. உங்கள் எதிரே மூன்று பேர் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அப்புறம் எப்படி யாருமில்லை என்று எழுதுவீர்கள்?" என்று கேட்டாள்.

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அக்கறையோடு தலையாட்டினார். உள்ளூர் மக்களையும் சேர்த்துக்கொள்வது நல்ல யோசனை என்றார். அந்த அம்மாவைக் காவலுக்குப் போட்டுக்கொள்ளலாமே என்று தேவதாஸிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். தேவதாஸ் ஏறும்போது அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜீப்பில் அவளுக்கு இடமும் இல்லை. வெயிலில் கரையோடு நடந்தே வந்தாள்.

உதவித்தொகை வந்தது, அதே இடத்துக்கு. அவளுக்கு ஒரு வருடம் பின்னால் படித்த கண்ணையனின் பெயரில் வந்தது. அவன் சேற்றில் கால் வைத்தவனே இல்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கும் ரெண்டு தங்கச்சி இருக்குது," என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். கமலவேணி ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கப் போனாள். இலைக்கு உணவு தயாரிக்கத் தெரியும் என்று கரும்பலகையில் படம் போடும்போதெல்லாம், அரிவாளின் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும்.

நாலு மரம்கூட நிற்கவில்லை.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரைநாளோடு முடிந்ததும், சைக்கிளைத் தேங்காய்த்திட்டுப் பக்கம் திருப்பினாள். வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் மிதித்தாள். முள்கம்பி வேலி ஓடியது. உள்ளே கண்ணுக்கு எட்டிய வரை குழிகள். குழிக்கு ஒரு சவுக்குக் கன்று. எல்லாம் நுனியிலிருந்து பழுத்துக் காய்ந்துகொண்டிருந்தன. வேலி வாசலில், சேலைமேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் கழியோடு அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள்.

கமலவேணியைப் பார்த்ததும் எழுந்தாள். பழக்கத்தில் கழியைக் குறுக்கே நீட்டியவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"யாரயும் உள்ள உடக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க பாப்பா."

"நீங்களா அக்கா?"

"நான் இல்லன்னா எவனாவது வருவான். அடுப்பு எரிய வேணாமா?" என்றாள் அஞ்சலாட்சி. பிறகு, "அவளுங்க ரெண்டு பேரும் எங்கூடப் பேசறதில்ல," என்றாள்.

கமலவேணி சைக்கிளை வேலியில் சாய்த்தாள். அவளைத் திட்ட வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. யாரைத் திட்டினால் தீரும் என்று தெரியவில்லை. இருவரும் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார்கள். தண்ணீர் ஏறுகிற நேரம். ஓடை நிறைந்து, மரம் வெட்டிய கட்டைகளைத் தாண்டி, சத்தமில்லாமல் உள்ளே பரவி வந்தது. முதல் வரிசைக் குழிகள் நிறைந்தன, பிறகு இரண்டாவது. வேர் பிடிக்காத கன்றுகள் மெல்ல எழும்பி மிதக்க ஆரம்பித்தன. ஒரு குழியில் ஏதோ துள்ளி விழுந்தது. பக்கத்துக் குழியிலும் துள்ளியது.

அஞ்சலாட்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாலையைப் பார்த்தாள். காக்கிச் சட்டையைக் கழற்றி முள்கம்பியில் மாட்டினாள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டாள்.

"நீ இங்கயே நில்லு பாப்பா. யாராச்சும் வந்தா சொல்லு."

தண்ணீரில் அவள் இறங்குகிற சத்தம் கேட்டது. கமலவேணி சாலைப் பக்கம் திரும்பி நின்றாள். துறைமுகத்துப் பாதையில், வெகு தூரத்தில், ஒரு ஜீப் வந்துகொண்டிருந்தது. அவள் குரல் கொடுக்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய கரையின் நடுவில் குறுக்காக நிறுத்தி ஸ்டாண்டு போட்டாள். அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள்.