மடிப்பில் அடங்காத நான்கு வரிகள்

1

ஒரு துண்டறிக்கையில் இடம் போதாமல் போனதால் பிறந்த கதை இது. அறிக்கையை எழுதியவன் நான். பரிசோதனைக் கூடங்களுக்கு நோய் விளக்கம் எழுதித் தருவது என் பிழைப்பு, கதை எழுதுவது என் வியாதி. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய ஹெச்.பி.வி வைரஸ் பற்றிய தாளை மூன்றாக மடிக்க வேண்டும் என்றார்கள். நான்கு வரி அதிகம். வெட்டினேன். மிஞ்சியது இது: "உடலுறவின் மூலம் பரவும். துணைகள் கூடக் கூட ஆபத்தும் கூடும்."

வெட்டியது இது: "தோலோடு தோல் உரசினாலே தொற்றும் என்பதால் ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் எப்போதாவது வந்து தானே போய்விடும். பல ஆண்டுகள் ஓசையின்றி இருந்துவிட்டுப் பிறகும் பரிசோதனையில் தெரியவரலாம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது."

2

முதல் தொடக்கம்: "பள்ளி வேன் ஓட்டும் ஒருத்தி, ரிசல்ட்டை ஸ்டியரிங்மேல் வைத்துப் படித்தாள். பாசிட்டிவ். கூடவே மடித்த ஒரு தாள், அதில்..."

வேண்டாம். 'ஒருத்தி' என்று எழுதி நான் நழுவப் பார்க்கிறேன். அவள் என் தங்கை. நான் எழுதிய அந்தத் தாளை அவள் கணவரும் படித்தார். லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகிப் பதினோரு வருடம்.

"பழுது இல்லாம லிஃப்ட் நிக்காது. பதினோரு வருஷமா எனக்கு உன்னை விட்டா யாரும் இல்ல. அப்ப எங்கருந்து வந்துச்சு?"

"எனக்கும் உங்களை விட்டா யாரும் இல்லீங்க."

"தாள்ல அப்படிப் போடலையே."

அன்றிலிருந்து அவர் ஹாலில் படுக்கிறார். (இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பதினோரு வருடத்துக்கு முந்தியதை இருவருமே வாயில் எடுக்கவில்லை.)

3

ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது வரைவில் தங்கைக்குக் கல்லூரிக் காலத்தில் ஒரு நண்பனைக் கொடுத்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, அடித்துவிட்டேன். மூன்றாவதில் மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை ஒன்றைக் கொடுத்து, அங்கே ஒரு...*

* அண்ணன் தங்கையிடம் பேசுகிற விஷயமா இது என்பீர்கள். இல்லைதான். அதனால்தான் நேரில் போகாமல் மூன்று வரைவு எழுதிக்கொண்டிருந்தேன்.

4

முடிவு அ: விடுபட்ட வரிகளைப் படித்துவிட்டு மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்கிறார். இவ்வளவு சுலபமாக யார் கேட்டார்கள்?

முடிவு ஆ: தங்கை பெட்டியோடு என் வீட்டுக்கு... எழுதக் கை வரவில்லை.

நடந்தது: ஞாயிறு காலை அந்த வரிகளைக் கையால் எழுதி எடுத்துப் போனேன். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை இரண்டு முறை படித்தார்.

"இதை ஏன் மச்சான் முதல்லயே போடல?"

"இடம் பத்தல மாப்பிள்ள."

"இடம் பத்தலயா!" அலுத்துப்போய்ச் சிரித்தார். "பத்து நாளா நான் மனுஷனாவே இல்ல." பிறகு குரலைத் தணித்தார். "சரி, டெஸ்ட் சொல்லாது. கூடப் பொறந்தவரு நீங்க சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி இவளுக்கு யாராவது..."

'எனக்குத் தெரியாது' என்பது உண்மை. 'அது உங்களுக்கு எதுக்கு?' என்பதுதான் சரியான பதில். இரண்டும் வாயில் வரவில்லை. ஒரே ஒரு நொடி யோசித்தேன்.

தங்கை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"யோசிக்கிறியா அண்ணா?"

5

அதற்குப் பிறகு நிறையப் பேசினேன். வைரஸைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையும் சொன்னேன். மாப்பிள்ளை தலையாட்டினார், வாசல்வரை வந்து வழியனுப்பினார். அன்றே ஹாலிலிருந்து பாயைச் சுருட்டிவிட்டாராம், அவர்தான் போனில் சொன்னார். அடுத்த வருடம் மறுபரிசோதனை. பெரும்பாலும் அதற்குள் தானே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

தங்கை என் போனை எடுப்பதில்லை. இன்றோடு பதினேழு நாள். களைப்பாக இருக்கிறது, இதற்குமேல் எனக்கு எழுத வராது. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் போனை எடுப்பதாக எழுதினால், எடுத்ததும் நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.