குடிக்காமல் ஆறு மாதம்

என் தம்பி நெவிலை மனநல மருத்துவமனைக்கு ஏழு முறை இழுத்துக்கொண்டு போனேன். இருபது வயதிலிருந்தே அவன் காதில் குரல் கேட்கிறது. அதை அமுக்கத்தான் குடிக்க ஆரம்பித்தான், சைடர் என்கிற மலிவான ஆப்பிள் மது, காலையிலிருந்தே. ஏழு முறையும் ஒரே பதில்: "குடியை நிறுத்தி ஆறு மாசம் ஆகட்டும்மா, அப்புறம் பாக்கலாம்." குடியை நிறுத்தும் இடத்துக்குப் போனால், "முதல்ல மனசைச் சரிபண்ணிட்டு வாங்க" என்றார்கள். என் தம்பி என்ன பந்தா, ஆளுக்கு ஆள் உதைக்க?

ஏழாவது முறை கவுண்டரில் இருந்த பெண்ணிடம் நான் போட்ட கூச்சலில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். 'இவருடைய பிரச்சினை குடி. நிறுத்திய பின் மறுபடி அனுப்பவும்.' அதை பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்தினேன்.

மூன்று வாரம் கழித்து, அடுத்த ஃப்ளாட்டில் இருந்த கோலின் என்பவன் சுவர் வழியாகத் தன்னைக் கொல்லத் திட்டம் போடுகிறான் என்று நம்பி, நெவில் அவனைக் குத்திக் கொன்றுவிட்டான். நிறைய குடித்திருந்தான். கோலின் பாவம், கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு புட்டிங் கொண்டுவருபவன். அவன் மனைவியைப் பார்க்க இன்றும் எனக்கு முகமில்லை. நெவிலை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கொலைகாரன் என்று ஜெயிலில் போடாமல், நோயாளி என்று ஆஸ்பத்திரியில் அடையுங்கள் என்றுதான் கேட்டேன்.

கடிதத்தை நானே எங்கள் வக்கீலிடம் கொடுத்தேன். "பாருங்க சார், நாங்க போய்க் கெஞ்சினதுக்கு இதுதான் சாட்சி." மடச்சி நான், மடச்சி!

கோர்ட்டில் எங்கள் டாக்டர் நோய் என்றார், அரசுத் தரப்பு டாக்டர் போதை என்றார். அரசு வக்கீல் என் கடிதத்தையே விரித்து ஜூரிகள் பன்னிரண்டு பேருக்கும் படித்துக் காட்டினார். "மருத்துவமனையே எழுதியிருக்கு. பிரச்சினை குடி."

"அது அவனைத் துரத்தினப்ப எழுதினது!" என்று கத்தினேன்.

"அமைதியா உக்காருங்க, மேடம்," என்றார் நீதிபதி. குடியை ஒதுக்கிவிட்டு, நோய் மட்டும் நெவிலின் புத்தியைப் பெருமளவு கெடுத்ததா என்று பாருங்கள், கெடுத்திருந்தால் அது கொலைக் குற்றம் ஆகாது என்று ஜூரிகளுக்குச் சொன்னார். அடப்பாவிகளா! ஏழு முறை டாக்டர்களால் பிரிக்க முடியாததை, ஜூரியில் இருந்த ஒரு பஸ் டிரைவரும் பள்ளிக்கூடச் சமையல்காரியும் ஒரே மத்தியானத்தில் பிரிக்க வேண்டுமாம். பிரித்துவிட்டார்கள். கொலைக் குற்றம், ஆயுள் தண்டனை, குறைந்தது பதினைந்து வருடம்.

ஜெயிலில் போய்ப் பார்த்தேன். பிடிபட்ட நாளிலிருந்து பதினோரு மாதம், ஒரு சொட்டு கிடையாது.

"இப்பவும் கேக்குதாடா?"

"கேக்குதுக்கா. இப்ப கோலினும் பேசுறான்."

மறுநாள் காலை வக்கீலிடமிருந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு மனநல மருத்துவமனையின் அதே கவுண்டருக்குப் போனேன். அதே பெண்.

"ஆறு மாசம் கேட்டீங்க. பதினோரு மாசமா அவன் குடியைத் தொடல. குரல் இன்னும் கேக்குது."

அவள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கணினியைத் தட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. "ரொம்ப நல்லதும்மா! இனி தாராளமா பாக்கலாம். எப்ப கூட்டிட்டு வர்றீங்க?"

"பதினஞ்சு வருஷம் கழிச்சு," என்றேன். "எழுதிக்கோ."