நாலாவது மணிக்கு முன்னால்

மார்ச் 11, புதன். நேற்று ஒரு தப்புச் செய்தேன். கம்ப்யூட்டரில் ஃபேக்ஸ் வாங்கும் மோடத்தின் வயரை மாற்றினேன். போன் அடிக்கையில் அது எத்தனையாவது மணியில் எடுக்க வேண்டும் என்பதையும் நாலு என்று மாற்றினேன். இரண்டையும் சேர்த்து மாற்றினால் கோளாறு எதில் என்று எப்படித் தெரியும்? வகுப்பில் படித்ததெல்லாம் எங்கேதான் போகிறதோ.

எழுதிவிட்டு மகள் பேனாவை மூடினாள். புதன்கிழமை மாலைகளில் போகும் கம்ப்யூட்டர் வகுப்புக்கு இன்று விடுமுறை, அதனால் வீட்டில் இருந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்தபோது தோழி அனுப்பிப் பார்த்த சோதனைப் பக்கம் பளிச்சென்று வந்திருந்தது. அண்ணன் அனுப்புவதுதான் வருவதில்லை. கடல் தாண்டி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனவன் அவன். புதன்கிழமைதோறும் அலுவலக ஃபேக்ஸில் ஒரு பக்கம் அனுப்பிக்கொள்ள அவனுக்கு அனுமதி. போனதிலிருந்து ஒன்றுகூட வந்து சேரவில்லை.

போன் அடித்தது. ஒன்று. இரண்டு. அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்த அம்மா ரிசீவரைப் பிடுங்காத குறையாக எடுத்தாள்.

"ஹலோ, பெரியவனா? பேசுடா!"

"அம்மா, வை! அதை மோடம்தான் எடுக்கணும்!"

"அது ஏன்டி எடுக்கணும்? அதுவா அவனைப் பெத்துச்சு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "வாராவாரம் நீதான் எடுக்கிறியா?"

"பின்னே? கூ, கூன்னு விட்டு விட்டுக் கத்தும். நடுவுல சத்தமில்லாம இருக்கும்ல, அப்போ மூச்சுக் கேக்குதான்னு பார்ப்பேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ எதையாவது கழட்டுவே. இருக்கிற லைனும் போயிடும்."

ஃபேக்ஸ் மெஷின் லேசில் விடாது, மறுபடி அழைக்கும். மணி அடித்தபோது அம்மா முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். நாலாவது மணியில் மோடம் எடுத்தது. கரகரவென்று கத்தி ஓய்ந்தது. திரையில் பக்கம் பாதி வந்ததாகக் காட்டியது. அதற்குமேல் அம்மாவால் முடியவில்லை. ரிசீவரை எடுத்துவிட்டாள்.

"சாப்பிட்டியாடா?"

இணைப்பு அறுந்தது. அதுவரை வந்திருந்ததை மகள் திறந்தாள். 'அம்மா, இங்கே குளிர். கையுறை போட்டும் விரல்' என்பதோடு நின்றிருந்தது. மீதி வெள்ளை.

அம்மா திரையைத் தடவினாள். "அவன் எழுத்துதான். குரல் இப்ப எப்படி இருக்கோ."

போனை அம்மா கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிவிடலாம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பக்கம் வந்துவிடும்; ஆனால் அம்மா புதன்கிழமைகளில் என்ன செய்வாள்? வெகுநேரம் யோசித்து, அது சரிப்படுமா என்ற சந்தேகத்தோடே எழுதினாள்:

நாளைய வேலை: மதியம் அண்ணனின் அலுவலகத்துக்கு ஃபேக்ஸ். 'அங்கே மெஷினோடு ஒரு ரிசீவர் இருக்கும். அதை எடுத்து முதலில் அம்மாவிடம் ரெண்டு வார்த்தை பேசு. பிறகு பக்கத்தை அனுப்பு.' சாயங்காலம் அம்மாவுக்குக் காட்ட வேண்டும்: புதன்கிழமை அவன் பேசி முடித்ததும் திரையில் எதை அழுத்தி அழைப்பை மோடத்திடம் விட வேண்டும் என்று.