இடது தோளில் இரண்டு விரல் பஞ்சு

எங்கள் தெருவில் எனக்குத் தெரியாமல் ஒரு பார்சல் கூட வீட்டுக்குள் போகாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் குறையாகத்தான் சொல்கிறார். நான் பாராட்டாக எடுத்துக்கொள்வேன். அப்பேர்ப்பட்ட என் கண்ணில் முப்பத்திரண்டு வருஷம் மண்ணைத் தூவியவர்கள் மூன்று பேர். மாடி வீட்டு ஜிகினா, அவர் மனைவி, எதிர்க்கடைத் தையல்காரர். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஜிகினா யார் என்று விளக்க வேண்டியதில்லை. பஸ் டிரைவரிலிருந்து பல் டாக்டர் வரை அவர் பாட்டை முணுமுணுக்காதவர் கிடையாது. பளபளவென்று ஒரு கோட்டு மாட்டிக்கொண்டு மேடைக்கு வருவார். அதனால்தான் அந்தப் பெயர். பாட்டுக்குப் பாட்டு நடுவில் தன்னையே கிண்டல் செய்துகொள்வார். தன் மூக்கு, தன் குள்ளம், மாமியார் வீட்டில் தனக்குக் கிடைத்த மரியாதை, எதையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூரைதான் அவர்கள் வீட்டுத் தரை என்பதால், மேடைக்குப் போகும் முன்பே பாதி ஜோக்கை நான் கேட்டுவிடுவேன். அவர் போய் ஆறு வருஷமாகிறது. கூரை அமைதியாகிவிட்டது. எனக்கே தூக்கம் சரியாக வருவதில்லை.

போன வருஷம் ஒரு நாடகக் குழு வந்தது. ஜிகினாவின் வாழ்க்கையை அவருடைய பாட்டுகளையே கோத்து மேடையில் போடப் போகிறார்களாம். பத்தொன்பது பாட்டு, எட்டு ஆட்டம், வாத்தியக்காரர்கள் தனியாக. டைரக்டர் ஒரு தாடிக்காரர். பேசும்போது பூனை, ஒத்திகையில் புலி. பழக்கூடையோடு மாடி ஏறினார். அத்தனை பாட்டுக்கும் உரிமை அக்கா கையில். அக்கா என்று நான் சொல்வது ஜிகினாவின் மனைவியை.

"முதல்ல பாக்கறேன் தம்பி. அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்" என்றார் அக்கா. பழக்கூடையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜிகினாவாக நடிக்கப் போகிறவன் யார் தெரியுமா? நம்ம கிளட்ச். தெருமுனை டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பழக வருகிறவர்களிடம் நாள் முழுக்க "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்தியே அந்தப் பெயரைச் சம்பாதித்தவன். பத்து வருஷமாக ஆபீஸ் விழா, பள்ளி ஆண்டுவிழா என்று ஜிகினா மாதிரி செய்து காட்டிக்கொண்டிருந்தான். வேடம் கிடைத்ததும் பாதி நேர வேலைக்கு மாறிவிட்டான். அவன் மனைவி என்னிடம் வந்து புலம்பினாள். "இது மட்டும் நடக்கலன்னா இந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு அத்தை. தூக்கத்துல கூட மாடி அம்மா கையெழுத்து போட்டுட்டாங்களான்னு கேக்கறாரு."

முதல் ஒத்திகை ஒரு பழைய பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. அக்காவுக்குத் துணையாக நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லைதான். துணைக்குப் போகிறவளை யாராவது கூப்பிடுவார்களா?

கிளட்ச் பிரமாதப்படுத்தினான். அதே குரல், அதே இழுவை, மூக்கைத் தடவுகிற அதே தினுசு. ஆட்டக்காரப் பெண்கள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அக்கா பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கைப்பையை எடுத்தார்.

"பையன் நல்லாத்தான் பண்றான். எல்லாம் இருக்கு. அவர் மட்டும் இல்ல."

டைரக்டர் பூனைக்குரலில் கெஞ்சினார். "அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிரெஸ்ஸெல்லாம் போட்டு ஒரு தடவை பண்ணிக் காட்டறோம்மா. அப்பவும் மனசுக்குப் படலன்னா விட்டுடறோம்."

"என்னத்த விடுவீங்க?"

"நாடகத்தையேதான். பாட்டு இல்லாம அவர் கதையை வெச்சு நான் என்ன பண்றது?"

அந்த வாரம் கிளட்சிடம் கார் பழகியவர்கள் யாரும் ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொள்ளவில்லை. பக்கத்து ஸீட்டில் அவன் பாடப் பாட, ஓட்டுகிறவர்கள் தாளம் போட்டார்கள். ஒரு அம்மாள் நேராகப் போய்க் குப்பைத்தொட்டியில் முட்டினாள். "பரவாயில்லம்மா, சுருதி சேர்ந்துச்சு" என்றானாம்.

கோட்டு தைக்கும் வேலை எதிர்க்கடைத் தையல்காரருக்குப் போனது. ஜிகினாவின் கோட்டுகள் எல்லாமே அவர் கைவேலை. பேசாத மனிதர். வாயில் எப்போதும் குண்டூசி கடித்திருப்பதால்தான் பேசவில்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஊசி இல்லாதபோதும் பேசமாட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. கிளட்சை நிறுத்தி வைத்து டேப்பால் ஒழுங்காகத்தான் அளவெடுத்தார். அதற்கு நானே சாட்சி. ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கினால் கடை முழுக்கத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா முன் வரிசையில், பக்கத்தில் நான். கடைசி வரிசையில் தையல்காரர். கிளட்ச் மேடைக்கு வந்தான். கோட்டு மின்னியது. ஆனால் ஏதோ கோணல். இடது தோள் மட்டும் காது வரை ஏறி நின்றது, டெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசுகிறவன் மாதிரி.

டைரக்டர் புலியானார். "கிளட்ச்! இடது தோளை இறக்கு! இறக்குய்யா! பாரம் தூக்கறியா, பாட்டு பாடறியா?"

கிளட்ச் இறக்கினான். கோட்டு சமமானது. அவன் பாட்டை ஆரம்பித்தான்.

நான் எதையும் சுலபத்தில் பாராட்டுகிறவள் இல்லை. ஆனால் அடுத்து நடந்ததைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டேன். தோளை இறக்கிப் பிடித்ததால் இடது கை கொஞ்சம் நீளமாகத் தொங்கியது. அதைச் சமாளிக்கத் தலை வலது பக்கம் சாய்ந்தது. சாய்ந்த தலைக்காக வலது கால் முன்னால் வந்தது. திரும்பும்போது உடம்பு முழுசாகத் திரும்பியது. கோட்டைச் சமமாக வைத்துக்கொள்ளும் கவலையில் அந்தப் பையன் நடிப்பதையே மறந்துவிட்டான். மூக்கைத் தடவவில்லை, குரலை இழுக்கவில்லை. மேடையில் ஜிகினா நின்றுகொண்டிருந்தார். எங்கள் மாடிப்படியில் சாவியைத் தேடிக்கொண்டு நிற்பாரே, அதே மாதிரி.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது. பிறகு சட்டென்று எழுந்து பின் வரிசைக்கு நடந்தார். கைப்பையை விட்டுவிட்டுப் போனார். அதைக் கொடுக்கத்தான் நான் பின்னாலேயே போனேன். வேறு எந்த எண்ணமும் இல்லை.

"யார்கிட்ட சொன்னீங்க?" அக்காவின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

தையல்காரர் எழுந்து நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. "சத்தியமா யார்கிட்டயும் சொல்லலம்மா."

"சொல்லாமலா இடது தோளுக்குப் பஞ்சு வெச்சீங்க?"

"கை பழக்கம்மா. அளவு புதுசாத்தான் எடுத்தேன். வெட்டினதும் சரியாத்தான் வெட்டினேன். அந்த மினுக்குத் துணி கையில வந்ததும், கை அது பாட்டுக்கு இடது பக்கம் ரெண்டு விரல் பஞ்சு வெச்சு தெச்சிடுச்சு. முப்பது வருஷம் வெச்ச கை. அவன் போட்டுட்டு வந்து நின்னப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

இப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. ஜிகினாவின் இடது தோள் பிறவியிலேயே இரண்டு விரற்கடை இறங்கியிருந்ததாம். பள்ளிக்கூடத்தில் அதை வைத்துக் கூப்பிட்ட பெயர் ஒன்று இருந்ததாம். அந்தப் பெயரை அக்கா இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. மூக்கையும் குள்ளத்தையும் ஊரே சிரிக்க விற்ற மனுஷன், தோளை மட்டும் பஞ்சுக்குள் ஒளித்து வைத்துவிட்டார். கோட்டு போட்டுப் பார்க்க வரும்போதெல்லாம் தையல்கடையில் திரை இழுத்திருந்ததற்கு நான் வேறு காரணங்கள் கற்பித்து, நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

"அவர் ஒருத்தருக்கும் காட்டாததை இப்படி விளக்கைப் போட்டுக் காட்டணுமா?" என்றார் அக்கா.

தையல்காரர் சட்டைப்பையிலிருந்து தையல் பிரிக்கிற பிளேடை எடுத்தார். "பாட்டு முடிஞ்சதும் கோட்டைக் கழட்டச் சொல்றேன். அஞ்சு நிமிஷத்துல பிரிச்சு எடுத்துடறேன்மா."

அக்கா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவர் இரண்டாவது பாட்டுக்குத் திரும்பினார். அவர் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

"பிரிச்சா இது போயிடும்ல?"

"போயிடும்மா. மறுபடி கிளட்ச்தான் நிப்பான்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. மூக்கைத்தான் உறிஞ்சினார்.

தையல்காரர் அன்றைக்குப் பேசிய அளவு அந்த வருஷம் முழுக்கப் பேசியிருக்க மாட்டார். "ஒண்ணு பாருங்கம்மா. கோட்டு சமமாத்தானே நிக்குது? ஜனங்க கண்ணுக்கு அப்பவும் இப்படித்தான், இப்பவும் இப்படித்தான். உள்ள இறங்கியிருக்கறது யாருக்குத் தெரியும்? உங்களுக்கும் எனக்கும்தானே."

"எனக்கும்" என்றது ஒரு குரல். என்னுடையதுதான். எப்போது வாயை விட்டு வந்தது என்று தெரியவில்லை.

இரண்டு பேரும் திரும்பினார்கள். நான் கைப்பையை நீட்டினேன்.

"கடவுளே, இவளா!" என்றார் அக்கா. "இதுக்கு மைக்குலயே சொல்லியிருக்கலாம்."

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? நான் என்ன அவ்வளவு..."

"அவ்வளவுதான். நல்லா கேட்டுக்கோ. கையெழுத்து போடப் போறேன். விஷயம் அந்தப் பையன் காதுக்குப் போச்சுன்னா, நாளைக்கே அந்தத் தோளையும் நடிச்சுக் காட்ட ஆரம்பிச்சிடுவான். அன்னிக்குப் பாட்டெல்லாம் திரும்ப வாங்கிக்குவேன். அவன் பொண்டாட்டிக்கு நீதான் பதில் சொல்லணும்."

பாட்டு முடிந்ததும் அக்கா டைரக்டரிடம் போய்ப் பேனா கேட்டார். டைரக்டர் அவசரத்தில் பேனாவை மூடியோடு நீட்டினார். கிளட்ச் மேடையிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். ஒப்பந்தத்தின் அடியில் அக்கா தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: கோட்டை இந்தத் தையல்காரர் மட்டுமே தைக்க வேண்டும், வேறு எவரும் பிரிக்கவோ திருத்தவோ கூடாது. ஏதோ சென்டிமென்ட் என்று டைரக்டர் தலையாட்டினார்.

நாடகம் பதினோரு மாதம் ஓடியது. அந்தப் பதினோரு மாதம் நான் பட்ட பாடு எந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் பட்டிருக்க மாட்டாள். நாவின் நுனி வரை வந்ததை விழுங்கி விழுங்கி எனக்கு நெஞ்செரிச்சலே வந்துவிட்டது. டாக்டர் காரம் குறைக்கச் சொன்னார். இவ்வளவுக்கும் என் வீட்டுக்காரரிடம் கூடச் சொல்லவில்லை. நான் திடீரென்று அமைதியாகிவிட்டதைப் பார்த்து அவர் பயந்து, என் தங்கைக்குப் போன் போட்டார்.

போன வாரம் கடைசிக் காட்சி முடிந்தது. "இனிமே சொல்லிக்கோடி, வெடிச்சுத் தொலைக்காதே" என்று அக்காவே சொல்லிவிட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அது நாடகம் தொடங்கி இரண்டாவது வாரம் நடந்தது. தையல்கடையில் நான் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அக்காவும் இருந்தார். கிளட்ச் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, இந்த இடது தோள் கொஞ்சம் இடிக்குதுண்ணே. ரெண்டரை மணி நேரமும் இறக்கியே பிடிக்க வேண்டியிருக்கு. வீட்டுக்குப் போனா முதுகெல்லாம் வலி."

தையல்காரர் ஊசியைக் கடித்துக்கொண்டார். நான் கொக்கிகளை எண்ணத் தொடங்கினேன்.

கிளட்ச் அக்கா பக்கம் திரும்பினான். "ஏம்மா, அவருக்கும் இப்படி வலிச்சுதா? ஏதாவது சொல்வாரா?"

அக்கா அவன் கையிலிருந்து கோட்டை வாங்கி, இடது தோளை உள்ளங்கையால் இரண்டு தடவை நீவிவிட்டார்.

"சொன்னதே இல்லப்பா" என்றார். "வீட்டுக்கு வா. தைலம் தேச்சு விடறேன்."